காக்காப்பொன்னுக்குள் மூன்று சென்ட்

1862 ஜூலையில் நியூயார்க் கடைக்காரர்களிடம் சரக்கு இருந்தது. வாங்குவதற்கு ஆளும் இருந்தார்கள். மீதி கொடுக்கச் சில்லறைதான் இல்லை. ஒரு டாலர் நோட்டை நீட்டி ஐந்து சென்ட்டுக்கு ரொட்டி கேட்டால், கடைக்காரர் கையைப் பிசைந்தார். முழு டாலருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், அதுவும் வேண்டாமென்றால் மீதிக்குத் தபால்தலை கிழித்துத் தருகிறேன் என்றார். பீரங்கிகள் வெகு தெற்கே வர்ஜீனியாவில் முழங்கிக்கொண்டிருந்தன. வடக்கே நகரத்து மக்களின் சட்டைப்பைக்குள் போர் இப்படித்தான் நுழைந்தது.

அந்தச் சில மாதங்களில் பிறந்து, அடுத்த ஆண்டுக்குள் வழக்கொழிந்து போன ஒரு விசித்திரப் பணம் இருக்கிறது. கால் டாலர் நாணயம் அளவுக்கு ஒரு பித்தளை வட்டம். முன்புறம் கண்ணாடி போன்ற மைக்கா, நாம் காக்காப்பொன் என்கிற அதே தகடு. அதன் வழியாகத் தெரிவது ஒரு தபால்தலை. திருப்பிப் பார்த்தால் ஒரு தொப்பிக் கடையின் பெயரோ மலச்சிக்கல் மாத்திரையின் பெயரோ புடைப்பெழுத்தில் இருக்கும். இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட சேகரிப்பாளர்கள் அமெரிக்காவில் உண்டு. தபால்தலைக்காரர்கள் இதை நாணயம் என்று ஒதுக்கினார்கள், நாணயக்காரர்கள் தபால்தலை என்று ஒதுக்கினார்கள். என்னைக் கேட்டால், அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எந்தத் தளபதியின் சிலையும் சொல்லாத செய்தியை இந்தப் பித்தளை வட்டம் சொல்கிறது.

வெள்ளி எங்கே போனது?

1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டைமீது குண்டு விழுந்ததில் போர் தொடங்கியது. சேனைக்குச் சம்பளம், துப்பாக்கி, குதிரை, ரொட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போனது. அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. 1862 பிப்ரவரி 25இல் வந்த சட்டம், தங்கத்தின் பின்பலம் இல்லாத பச்சைமுதுகு நோட்டுகளைச் செல்லுபடியாகும் பணமாக்கியது. போர்முனையிலிருந்து வந்த செய்திகள் நன்றாக இல்லாததால் அந்த நோட்டின் மதிப்பு இறங்கத் தொடங்கியது.

நோட்டு இறங்கினால் உலோகம் ஏறும். முதலில் தங்கம் மறைந்தது. அடுத்து வெள்ளி. அரை டாலர், கால் டாலர், பத்து சென்ட் காசுகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கனடாவுக்கு அனுப்பினால் லாபம் கிடைத்தது. அனுப்ப முடியாதவர்கள் வீட்டில் புதைத்துவைத்தார்கள். கடைசியில் ஒரு சென்ட் காசுக்குக்கூட முகமதிப்புக்கு மேல் விலை பேசப்பட்டது. பெரும் பணக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. டிராம் ஏறுகிறவர், பால் வாங்குகிறவர், பத்திரிகை விற்கும் பையன், துணி வெளுப்பவர் என்று சென்ட் கணக்கில் வாழ்ந்தவர்கள்தான் திண்டாடிப்போனார்கள்.

அப்போது எல்லோர் வீட்டிலும் இருந்த, அரசே அச்சிட்ட, மதிப்பு எழுதப்பட்ட சிறு தாள் ஒன்றுதான்: தபால்தலை. ஒரு கடிதத்துக்கு மூன்று சென்ட். அதில் ஜார்ஜ் வாஷிங்டன் ரோஜா நிறத்தில் இருந்தார். ஒரு சென்ட்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நீலத்தில். அதற்கு முந்தைய ஆண்டுதான் பழைய தலைகளைச் செல்லாதென்று அறிவித்திருந்தார்கள், தெற்கு மாநில அஞ்சலகங்களில் தேங்கிக் கிடந்த இருப்பு எதிரிக்குக் காசாகிவிடக் கூடாது என்பதற்காக. பதிலுக்கு 1861 ஆகஸ்டில் புதிய வரிசை வந்தது: 1, 3, 5, 10, 12, 24, 30, 90 சென்ட் என்று எட்டு மதிப்புகள். பணமாகிவிடக் கூடாது என்று தலையை மாற்றிய அரசே, ஓராண்டுக்குள் தலையைப் பணமாக்கியது. நிதியமைச்சர் சாமன் சேஸ் கேட்க, காங்கிரஸ் சட்டம் போட, 1862 ஜூலை 17இல் லிங்கன் கையெழுத்திட்டார். ஐந்து டாலருக்குக் கீழ்ப்பட்ட அரசு பாக்கிகளைத் தபால்தலையாகக் கட்டலாம் என்றது சட்டம். தனியார் யாரும் ஒரு டாலருக்குக் குறைந்த காசோ நோட்டோ வெளியிடக் கூடாது என்றும் சொன்னது.

அஞ்சலகங்களில் கூட்டம் முண்டியடித்தது. கடிதத்துக்கென்று அச்சிட்ட தலைகள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால் அஞ்சல் துறை திணறியது.

ஆனால் தபால்தலையின் பின்புறம் பசை. ஜூலை, ஆகஸ்ட் வெயில். வியர்த்த கையில் நான்கு தலைகளை வைத்துக்கொண்டு நடந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பைக்குள் கசங்கிக் கட்டியாகும். நிறம் போய், ஓரம் கிழிந்து, எது மூன்று எது பத்து என்று தெரியாமல் போனபின் கடைக்காரர் வாங்க மறுப்பார். எழுதுபொருள் கடைக்காரர்கள் சிறு காகித உறைகளை அச்சிட்டு, மேலே 25 என்றோ 50 என்றோ போட்டு, அதற்குள் தலைகளைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

பொத்தான் ஆலையில் ஒரு நாணயசாலை

பாஸ்டனைச் சேர்ந்த ஜான் கால்ட் இதற்கு ஒரு வழி கண்டார். தபால்தலைக்கு ஒரு கூடு செய்யும் முறைக்கு அவர் 1862 ஆகஸ்ட் 12இல் காப்புரிமை பெற்றார். செய்து கொடுத்தது கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியில் இருந்த ஸ்கோவில் நிறுவனம். பித்தளைப் பொத்தான் செய்வதில் பெயர் பெற்ற ஆலை அது. சட்டைக்குப் பொத்தான் அடித்த கை, சந்தைக்குக் காசு அடித்தது.

செய்முறை எளிமையானது. ஒரு சிறு வட்ட அட்டைமேல் தபால்தலையை வைத்து, அதன் நான்கு மூலைகளையும் பின்பக்கம் மடக்க வேண்டும். முகமும் மதிப்பும் முன்னால் தெரியும்படி மேலே மெல்லிய மைக்காத் தகடு. சுற்றிலும் பித்தளைச் சட்டம். பின்னால் பித்தளை மூடி. சட்டத்தின் விளிம்பை அழுத்தி மடித்து இறுக்கிவிட்டால் முடிந்தது. பசை ஒட்டாது, தலை கசங்காது, மதிப்பைப் படிக்கலாம். சில கூடுகளுக்கு வெள்ளிப் பூச்சும் கொடுத்தார்கள், காசைப் போலவே மின்ன வேண்டும் என்று. தனியார் காசுக்குத் தடை இருந்தது உண்மைதான். இங்கே தனியாருடையது கூடு மட்டுமே, உள்ளிருக்கும் மதிப்பு அரசின் தபால்தலை.

கூட்டுக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? மூன்று சென்ட் தலைக்கு உறை போட்டு மூன்று சென்ட்டுக்கே புழங்கவிட்டால் கால்டுக்கு நஷ்டம். பின்புற மூடியை விளம்பரத்துக்கு விற்றார் அவர். ஒரு வணிகர் தலையின் மதிப்போடு கொஞ்சம் கூடுதலும் கொடுத்துக் கூடுகளை வாங்கிக்கொள்வார். அவற்றைத் தன் கடையில் மீதிச் சில்லறையாகக் கொடுப்பார். அவர் பெயர் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கச் சுற்றும். பத்திரிகை விளம்பரத்தைப் படித்துவிட்டுத் தூக்கிப்போடுவார்கள். பணத்தை யார் தூக்கிப்போடுவார்கள்?

முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இப்படிப் பெயர் பொறித்தன. இன்று சேகரிப்பாளர்களுக்கு இந்தப் பின்புறம்தான் விருந்து. மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் நகரத்து ஜே. சி. ஏயர் தன் பேதி மாத்திரைக்கும் சர்சபரில்லா டானிக்குக்கும் ஏராளமாகச் செய்து வாங்கினார். இப்போதும் எளிதில் கிடைப்பவை அவருடைய கூடுகள்தான். பின்னாளில், 1871இல், மாசசூசெட்ஸில் ஓர் ஊருக்கே ஏயர் என்று பெயர் வைக்கும் அளவுக்கு வளர்ந்தவர் அவர்.

பாஸ்டன் ஜோசப் பர்னெட்டின் கூட்டில் கொக்கோயின் என்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போதைப்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடை நீக்கிய தேங்காய் எண்ணெயில் செய்த தலைமுடித் தைலம் அது. நாம் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய், உள்நாட்டுப் போர்க்காலத்து பாஸ்டனில் புட்டியில் அடைபட்டு நாகரிகப் பொருளாக விற்றிருக்கிறது, பணத்தின் முதுகில் ஏறிச் சவாரியும் செய்திருக்கிறது.

டிரேக்கின் பிளான்டேஷன் பிட்டர்ஸ் கூட்டில் எஸ். டி. 1860 எக்ஸ் என்று ஒரு புதிர் எழுத்து. மருந்து என்ற பெயரில் விற்ற மதுபானம் அது. புட்டியே மரக்கட்டை வீடு போலிருக்கும். அந்தப் புதிரின் பொருள் என்ன என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்ளட்டும் என்பதே விளம்பரத் தந்திரம். சிகாகோவின் டிரெமான்ட் ஹவுஸ் ஓட்டலும் கூடு வெளியிட்டது. 1858இல் லிங்கனும் அவரை எதிர்த்து நின்ற டக்ளஸும் அந்த ஓட்டலின் மாடத்திலிருந்துதான் கூட்டத்துக்கு முன் பேசினார்கள். 1871இல் சிகாகோவைச் சுட்டெரித்த பெருந்தீயில் அந்தக் கட்டடம் போய்விட்டது, பெயர் பொறித்த பித்தளை தப்பித்தது. நியூயார்க்கின் லார்ட் அண்ட் டெய்லர் துணிக்கடை, தொண்டைக்கு இதமான பிரவுனின் மாத்திரை, தன் பெயரோடு தொப்பிக்காரர் என்று மட்டும் போட்டுக்கொண்ட ஒயிட், ஆயுள் காப்பீட்டு நிறுவனம், சாராய வணிகர், இந்தப் பக்கம் இண்டியானா, அந்தப் பக்கம் கனடாவின் மான்ட்ரியால் என்று வரிசை நீள்கிறது. மருந்து, மது, தொப்பி, ஓட்டல். போருக்கு நடுவில் அந்தச் சமூகம் எதை விற்றது, எதை வாங்கியது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேறில்லை.

கால்ட் தன் பெயரிலும் வெளியிட்டார், கிர்க்பாட்ரிக் அண்ட் கால்ட் என்று.

ஸ்பின்னரின் கத்தரியும் பசையும்

கால்டின் தொழில் ஓங்குவதற்கு முன்பே அதை முடித்துவைக்கும் யோசனை வாஷிங்டனில் உருவாகிவிட்டது. அமெரிக்கக் கருவூலத்தின் பொருளாளர் ஃபிரான்சிஸ் ஸ்பின்னர், கருவூலத்தின் தாளில் தபால்தலைகளை ஒட்டி, கீழே கையெழுத்திட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அஞ்சல் நோட்டு. 1862 ஆகஸ்ட் 21 முதல் வெளிவந்தது. ஐந்து சென்ட் நோட்டில் ஐந்து சென்ட் தலையின் படம். 25 சென்ட் நோட்டில் அதே தலை ஐந்து முறை, சீட்டுகளை விரித்துவைத்ததுபோல. 50 சென்ட்டில் பத்து சென்ட் தலை ஐந்து முறை. முதலில் வந்தவற்றுக்குத் தபால்தலையைப் போலவே பல்வரிசை ஓரமும் இருந்தது. பசை மட்டும் இல்லை.

அடுத்தடுத்த வெளியீடுகளில் இது பின்ன நோட்டாக மாறி 1876 வரை தொடர்ந்தது. அதில் ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூன்றாம் வெளியீட்டின் ஐந்து சென்ட் நோட்டில், அச்சகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஸ்பென்சர் கிளார்க்கின் முகமே வந்துவிட்டது. காங்கிரஸ் கொதித்தது. உயிரோடிருப்பவர் படத்தை நோட்டில் போடக் கூடாது என்று 1866இல் சட்டமே வந்தது.

அரசு நோட்டு மலிவு, மெல்லியது, வேண்டிய அளவு அச்சிடலாம். பித்தளையும் மைக்காவும் அதோடு போட்டியிட முடியவில்லை. கூடு செய்வதற்குத் தலை கிடைப்பதும் கடினமாயிற்று. ஏறக்குறைய ஏழரை லட்சம் கூடுகள் செய்யப்பட்டிருக்கலாம் என்றும், இன்று எஞ்சியிருப்பவை மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து ஏழாயிரம் வரை இருக்கலாம் என்றும் இத்துறையில் உழைத்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். மற்றவற்றுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தால் விடை எளிது. உள்ளே செல்லுபடியாகும் தபால்தலை இருந்தது. சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்ததும் கூட்டைப் பிரித்துத் தலையை எடுத்துக் கடிதத்தில் ஒட்டினார்கள். பித்தளையை எறிந்தார்கள்.

பிரிக்காத கூடு

இந்தப் பிரிப்புதான் சேகரிப்பவரின் முதல் கவலை. ஒரு சென்ட் கூட்டைத் திறந்து, ஃபிராங்க்ளினை எடுத்துவிட்டு, முத்திரை விழாத தொண்ணூறு சென்ட் தலையை உள்ளே வைத்து, விளிம்பை மறுபடி மடித்துவிட்டால் விலை பல மடங்காகும். தொண்ணூறு சென்ட் கூடு அபூர்வம். அது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். ஏயரின் சாதாரணக் கூடு சில நூறு டாலரில் கிடைக்கும். இந்த வித்தியாசம் இருக்கும்வரை கைவேலைக்காரர்களுக்கும் பஞ்சமிருக்காது.

தேர்ந்தவர்கள் முதலில் தலையைப் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் பார்க்கிறார்கள். ஆலையில் ஒரே அழுத்தில் மடிந்த விளிம்பு சீராக இருக்கும். கத்தி நுனியால் நெம்பித் திறந்த விளிம்பில் பள்ளமும் கீறலும் தெரியும், மறுபடி தட்டிய இடம் அலையலையாக இருக்கும். பழம்பித்தளையின் கருமை விளிம்பு நெடுக ஒரே மாதிரி பரவியிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். அடுத்தது மைக்கா. அது அடுக்கடுக்காக உரியும் பொருள். நூற்றறுபது ஆண்டில் அதில் விரிசலோ மேலடுக்கு உதிர்ந்த தடமோ இருப்பது இயல்பு. ஒரு கீறலும் இல்லாத மைக்காவுக்குக் கீழே மிகப் புதிதான தலை என்றால் சந்தேகப்பட வேண்டும். உள்ளிருக்கும் தலையின் நிறமும் பேசும். வெளிச்சத்தில் வெளிறியதா, கூட்டுக்குள் காற்றுப் படாமல் அப்படியே நின்றதா என்பதைப் பழகிய கண் பிரித்துவிடும்.

ஒவ்வொரு வணிகரும் எந்தெந்த மதிப்பில் வெளியிட்டார் என்ற பட்டியல் உண்டு. மைக்கேல் ஹோடரும் டேவிட் பவர்ஸும் 1989இல் வெளியிட்ட பெயர்ப்பட்டியல் நூல் இத்துறையின் கைவிளக்கு. பட்டியலில் இல்லாத சேர்க்கை ஒன்று சந்தைக்கு வந்தால், அது புதுக் கண்டுபிடிப்பாக இருப்பதைவிடப் போலியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். விரிசல் விட்ட மைக்காவோடு, கறுத்த பித்தளையோடு, யாரும் திறக்காத மூன்று சென்ட் கூடு ஒன்று, மெருகேற்றி மினுக்கிய தொண்ணூறு சென்ட் கூட்டைவிட மேலானது. முதலாவது 1862இல் ஒருவர் ரொட்டி வாங்கிய பணம். இரண்டாவதில் நமக்குத் தெரிவது பின்னாளில் ஒருவர் செய்த கைவேலை மட்டுமே. பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதும், மைக்காவுக்குப் பதிலாகக் கண்ணாடி வைப்பதும் பொருளைக் கொல்வதற்குச் சமம்.

மற்ற நாடுகளின் சில்லறைக் கதை

அமெரிக்கக் கூடுகளின் விலை எட்டாதவர்களுக்கு ஐரோப்பா இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தும் பிரான்சில் வெள்ளிக் காசு திரும்பவில்லை. வணிக மன்றங்கள் அச்சிட்ட சிறு நோட்டுகள் கந்தலாகிவிட்டன. 1920இல் எதுவார் பூஷோ பிரசீக் என்பவர் கால்டின் யோசனையையே மறுபடி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அலுமினியத்திலோ தகரத்திலோ முதுகு, ஒளி ஊடுருவும் மூடி, உள்ளே விதை தூவும் பெண் படம் போட்ட தபால்தலை. கிரெடி லியோனே வங்கி முதல் மதுபான நிறுவனங்கள் வரை நூற்றுக்கணக்கானோர் விளம்பரம் கொடுத்தார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அதே காலத்தில் இதே வழி. இவற்றில் பலவற்றைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவரும் வாங்க முடியும்.

கூடு இல்லாமலும் நாடுகள் சமாளித்தன. போயர் போரால் ரயில் பாதை அடைபட்ட ரொடீசியாவின் புலவாயோவில், 1900இல் மார்ஷல் ஹோல் என்ற அதிகாரி அட்டையில் தபால்தலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் புழக்கத்தில் விட்டார். 1915இல் ரஷ்யா, ரோமனோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டுத் தபால்தலைகளையே தடித்த அட்டையில் அச்சிட்டு, இது வெள்ளிச் சில்லறைக்கு நிகராகச் செல்லும் என்று முதுகில் எழுதியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசு அரசு 1938இல் வட்ட அட்டையின் ஒருபுறம் சின்னத்தையும் மறுபுறம் தபால்தலையையும் ஒட்டியது.

நமக்கு மிக அருகில் நடந்தது இலங்கையில். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. காசுக்கு வேண்டிய உலோகம் அரிதான அந்த ஆண்டில் இலங்கை அரசு சதக் கணக்கில் காகித நோட்டுகளை வெளியிட்டது. அவற்றில் ஐந்து சத நோட்டு தனி வகை. ஒரே தாளில் இரண்டு சதம் ஒரு பாதி, மூன்று சதம் மறு பாதி, நடுவே துளைக்கோடு. தபால்தலையைக் கிழிப்பதுபோலக் கிழித்து மீதிச் சில்லறையாகக் கொடுக்கலாம். கிழிப்பதற்கென்றே செய்த நோட்டு என்பதால், கிழியாத முழு நோட்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு.

யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் வாழ்ந்த குடும்பங்கள், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடை வைக்கப் போன குடும்பங்கள், தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தாத்தாவின் தகரப்பெட்டியில், பழைய கணக்கு நோட்டின் மடிப்பில் இந்தச் சிறு தாள் இன்னும் இருக்கக்கூடும். கிடைத்தால் துளைக்கோட்டை மடக்கிப் பார்க்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத ஒரு காகித உறையில் போட்டு, யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தபோது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.